பாராடாங்கில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால்? சேத்தக் முதல் துருவ் வரை, ராணுவ மீட்பு ஹெலிகாப்டர் எப்படி வேலை செய்கிறது

அந்தமான் டூர் போன உங்கள் ஆபீஸ் நண்பர் யாராவது பாராடாங் போட்டோவை இன்ஸ்டாவில் போட்டிருப்பார். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வரிசையில் நின்று, போலீஸ் பாதுகாப்புடன் ஜாரவா காப்பகத்துக்கு நடுவே கான்வாயில் போய், மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியோடு ஃபெர்ரி ஏறி, நிலாம்பூர் ஜெட்டியில் இறங்கி, அங்கிருந்து சின்ன படகில் அலையாத்திக் காட்டுக் கால்வாய் வழியே சுண்ணாம்புக் குகை. போகும்போது ஜாலியான பயணம்தான். ஆனால் இதே வழியை ஒரு ஸ்ட்ரெச்சரோடு திரும்பி வருவதாக நினைத்துப் பாருங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) பாராடாங் சாலை வழியே சுமார் 100 கி.மீ. காப்பகத்துக்குள் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது, நினைத்த நேரத்தில் நுழையவும் முடியாது. பகலில் குறிப்பிட்ட நேரங்களில்தான் கான்வாய். இரவில் பொதுப் போக்குவரத்து கிடையாது. எல்லாம் சரியாக நடந்தால் மூன்று நான்கு மணி நேரம். அதே தூரம் வானத்தில் நேர்கோட்டில் சுமார் 60 கி.மீ.தான். மணிக்கு 220 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு பதினாறு, பதினேழு நிமிடம்.

நான்கு மணி நேரமா, பதினேழு நிமிடமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஆனால் அந்தப் பதினேழு நிமிடத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதற்குள் நிறைய 'ஆனால்' ஒளிந்திருக்கிறது.

ரோட்டை அகலப்படுத்தினால் போதாதா?

இந்தக் கேள்வி உடனே வரும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடியினர் வாழும் சுமார் 1,000 சதுர கி.மீ. காப்பகத்தை ஊடுருவிப் போகிறது. காப்பகத்துக்குள் வரும் பகுதிகளில் அந்தச் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. சாலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கட்டுப்பாடுகளோடு. பாராடாங்கையும் மத்திய அந்தமானையும் பிரிக்கும் ஹம்ப்ரி ஜலசந்தியில் சுமார் ஒன்றரை கி.மீ. நீளத்துக்குப் பாலம் வந்துவிட்டது. அதனால் ரங்கத் பக்கம் போவது எளிதாகியிருக்கிறது. ஆனால் யூனியன் பிரதேசத்தின் பெரிய மருத்துவமனையான ஜி.பி. பந்த் இருப்பது தெற்கே, போர்ட் பிளேரில். அந்தத் திசையில் நடுவே இருப்பது காடும் கடலும் ஜாரவா மக்களும். அங்கே வண்டிப் போக்குவரத்து கூடக்கூட அந்த மக்களுக்கு ஆபத்தும் கூடும். இங்கிருப்பவர்களின் அவசரத்துக்கு அங்கிருப்பவர்கள் விலை கொடுக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பேச்சு கடைசியில் வானத்துக்கு வருகிறது.

பாராடாங் மட்டும் இல்லை. அந்தமான் நிகோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836. மக்கள் வசிப்பவை 31. வடக்குமுனை முதல் தெற்குமுனை வரை கிட்டத்தட்ட 800 கி.மீ. நம்ம ஊர்க் கணக்கில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், இன்னும் கொஞ்ச தூரம் கடலுக்குள்ளும் போவது மாதிரி. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.8 லட்சம். அதாவது, ஒரு நடுத்தர நகரத்தின் மக்களை எடுத்து ஒரு மாநிலத்தின் நீளத்துக்குத் தூவிவிட்டிருக்கிறது. இப்படி ஒரு இடத்தில் ஆம்புலன்ஸ் என்றால் அதற்குப் பல நேரம் இறக்கை வேண்டும்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது? பக்கத்து பர்மாவில்

ஹெலிகாப்டரை வைத்துப் போர்முனையில் ஆளைக் காப்பாற்றிய முதல் சம்பவம் நடந்தது 1944 ஏப்ரலில், பர்மாக் காட்டில். அதே வங்கக்கடலில் அந்தமான் அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது. ஒரு சிறு விமானம் காட்டுக்குள் விழுந்துவிட்டது. அதில் ஒரு அமெரிக்க விமானி, காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்கள். கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க லெப்டினன்ட், சிகோர்ஸ்கி ஒய்.ஆர்-4பி ஹெலிகாப்டரில் போனார். அதன் என்ஜினுக்கு 200 குதிரைத்திறன்கூட இல்லை. இன்றைக்கு ஓரளவு விலை கூடிய எஸ்.யூ.வி. ஒன்றுக்கே அந்தச் சக்தி உண்டு. அதனால் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் ஏற்ற முடிந்தது. வெயிலில் என்ஜின் வேறு சூடாகி மக்கர் பண்ணியது. நாலு பேரையும் ஒவ்வொருவராக, திரும்பத் திரும்பப் போய்க் கொண்டுவந்தார்.

இந்தச் சம்பவத்தில் ஒரு பாடம் இருக்கிறது, அது இன்றைய அந்தமானுக்கும் பொருந்தும். வெயில் ஏற ஏற காற்றின் அடர்த்தி குறையும். ஈரப்பதம் அதை இன்னும் கொஞ்சம் குறைக்கும். அடர்த்தி குறைந்த காற்றில் ரோட்டர் இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, என்ஜினுக்கும் மூச்சு குறைவு. அதே ஹெலிகாப்டர் குளிரான காலையில் தூக்கும் எடையை ஏப்ரல் மாத மதியம் தூக்காது. பிரவுச்சரில் போட்டிருக்கும் பயணிகள் எண்ணிக்கையை நம்பி யாரும் மீட்புக்குக் கிளம்புவதில்லை.

அடுத்த கட்டம், தரை இறங்காமலே ஆளைத் தூக்குவது. 1945 நவம்பர் 29, அமெரிக்காவின் கனெக்டிகட் கடலோரம். புயலில் பாறைத் திட்டில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இரண்டு பேரை சிகோர்ஸ்கி கம்பெனியின் ஆர்-5 ஹெலிகாப்டர் விஞ்ச் வைத்து மேலே இழுத்தது. தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்ததால் கம்பெனி விமானியே ஓட்டிப் போனார். இரண்டாவது ஆளைத் தூக்கும்போது விஞ்ச் பாதியில் சிக்கிக்கொள்ள, அவர் வெளியே தொங்கியபடியேதான் கரை சேர்ந்தார். உலகம் முழுக்க இன்று நடக்கும் கடல் மீட்பின் தாத்தா இந்தச் சம்பவம்.

இந்தியாவின் கழுதை உழைப்பு: சேத்தக்

நம் ஆட்களுக்கு இந்தக் கதையில் வருவது சேத்தக். ராணா பிரதாப்பின் குதிரை பெயர். உண்மையில் அது அலூவெட் 3 என்ற பிரெஞ்சு ஹெலிகாப்டர், முதலில் பறந்தது 1959-ல். 1962-ல் லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டு, 1965-லிருந்து பெங்களூரில் எச்.ஏ.எல். தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தது. 300-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை எல்லோரிடமும் இது இருந்தது. கடலோரக் காவல்படை 1982-ல் கோவாவில் தொடங்கிய முதல் ஹெலிகாப்டர் படைப்பிரிவே சேத்தக் பிரிவுதான்.

சின்ன உடம்பு, எளிமையான வயிறு. போர்க்கப்பலின் குட்டித் தளத்தில்கூட இறங்கும். விமானி போக ஆறு பேர், இல்லையென்றால் இரண்டு ஸ்ட்ரெச்சர். பக்கவாட்டில் விஞ்ச் மாட்டலாம். கிராமத்துப் பள்ளி மைதானம் போதும் இறங்க. வடிவமைப்பில் அறுபது வயது தாண்டிய ஒரு இயந்திரம் இவ்வளவு நாள் ஓடியதற்கு இந்த எளிமைதான் காரணம்.

பிரச்னையும் அதே எளிமைதான். ஒரே ஒரு என்ஜின். கரையிலிருந்து தள்ளிக் கடல்மேல் பறக்கும்போது அது நின்றால் மாற்று இல்லை. வானிலை ரேடார் கிடையாது, ஆட்டோபைலட் கிடையாது. இரவில், மழையில், கீழே கருப்புக் கடல், மேலே கருப்பு வானம், நடுவே ஒரு விமானியின் கண்ணும் நிதானமும். இப்படி ஒரு வண்டியில் நாற்பது வருஷம் ஆட்களைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் சரியாக நன்றி சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

2018 கேரள வெள்ளம் ஞாபகம் இருக்கும். ஆலுவா பக்கத்தில் வீட்டு மாடியிலிருந்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைக் கடற்படை ஹெலிகாப்டர் தூக்கியது. கமாண்டர் விஜய் வர்மாதான் விமானி. அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பிறகு அந்த மாடியில் யாரோ பெரிய எழுத்தில் 'தாங்க்ஸ்' என்று பெயின்ட் அடித்து வைத்த படம் வைரலானது. அதற்கு முன்பே, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ராமாபுரத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்து விமானப்படை இதே மாதிரி ஒரு கர்ப்பிணியைத் தூக்கியது. அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன.

2004 டிசம்பர் 26

அந்தமானில் மீட்பு ஹெலிகாப்டர் என்றால் இந்தத் தேதியைத் தாண்டிப் பேச முடியாது. 2001-ல் முப்படைகளும் ஒரே தலைமையில் இயங்கும் நாட்டின் முதல் கட்டளையகமாக அந்தமான் நிகோபார் கட்டளையகம் தொடங்கப்பட்டிருந்தது. மூன்று வருஷத்தில் சுனாமி. கார் நிகோபார் விமானப்படைத் தளம் கடலோரத்திலேயே இருந்தது. மீட்புக்குப் போக வேண்டியவர்களே அலையில் போனார்கள். விமானப்படை ஊழியர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். ஜெட்டிகள் நொறுங்கிவிட்டதால் கப்பல் கரை சேர இடமில்லை. ஆகவே பல தீவுகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது ஹெலிகாப்டர்தான். குடிதண்ணீர் இறக்குவது, காயம்பட்டவர்களை ஏற்றுவது, எந்த ஊர் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து வந்து சொல்வது என்று எல்லாம் அதன் வேலையானது.

அந்த வாரம் எடுத்த ஒரு போட்டோ உலகத்துக்கே தெரியும். வட சென்டினல் தீவில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரைப் பார்த்து, மணலில் நின்று ஒருவர் வில்லை வளைக்கிறார். 'நாங்கள் நலம், கிளம்புங்கள்' என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மீட்பு வேலையில் இதுவும் ஒரு வகைப் பதில், அதை மதித்து விமானி திரும்பியதும் நல்ல முடிவு.

பாராடாங்கின் சேற்று எரிமலைகளும் அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு பொங்கின. பிறகு அடங்கிக் கிடந்து, இருபது வருஷம் கழித்து 2025 அக்டோபரில் மறுபடி பெரிதாகச் சேற்றைக் கக்கின. இந்த நிலம் சும்மா இருப்பதில்லை.

துருவ் வந்தது ஏன் பெரிய விஷயம்?

சேத்தக்குக்கு மாற்றாக உள்நாட்டிலேயே ஒன்று செய்ய வேண்டும் என்று எண்பதுகளில் ஜெர்மன் கம்பெனி உதவியோடு ஆரம்பித்த திட்டம்தான் ஏ.எல்.எச். என்கிற துருவ். முதல் பறப்பு 1992 ஆகஸ்ட் 20. படைகளுக்குப் போக ஆரம்பித்தது 2002-ல். இரண்டு என்ஜின், ஐந்தரை டன் எடை, ஒரு டஜன் பேர் உட்காரலாம்.

அந்தமானுக்கு முக்கியமானது அதன் மார்க் 3 கடல் வகை. கடற்படைக்கு 16, கடலோரக் காவல்படைக்கு 16 என்று 2017-ல் ஆர்டர் போட்டார்கள். மூக்குக்குக் கீழே கடலைத் துழாவும் ரேடார். இரவிலும் உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் கேமரா. பெரிய தேடுவிளக்கு. ஒலிபெருக்கி. வேண்டும்போது பொருத்திக்கொள்ளும் குட்டி ஐ.சி.யூ. அமைப்பு. 2022 மே 31-ல் போர்ட் பிளேர் ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் தளத்தில் இந்த வகை ஹெலிகாப்டர்களோடு ஐ.என்.ஏ.எஸ். 325 என்ற கடற்படைப் பிரிவு தொடங்கியது. அடுத்த மாதமே சென்னையில் கடலோரக் காவல்படையின் 840-வது பிரிவும் தொடங்கியது.

இப்போது ஆரம்பத்தில் விட்ட 'பதினேழு நிமிட'க் கணக்குக்கு வருவோம். தகவல் வர வேண்டும், டாக்டர் 'ஆமாம், அனுப்பியே ஆகணும்' என்று எழுத வேண்டும், நிர்வாகம் படைக்குச் சொல்ல வேண்டும், வானிலை பார்க்க வேண்டும், குழு ஏற வேண்டும். பிரிட்டனில் ராணுவம் இந்த வேலையைச் செய்த காலத்தில் பகலில் 15 நிமிடம், இரவில் 45 நிமிடத்துக்குள் மேலே கிளம்பியாக வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அந்த இலக்கையே நமக்கும் வைத்துப் பாருங்கள். இரவில் 45, போக 17, நோயாளியை ஏற்ற ஒரு 15, திரும்ப 17. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இதுவும் வானிலை தெளிவாக இருந்து, எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். இருந்தாலும் நான்கு மணி நேரத்தை விட, விடியும் வரை கான்வாய்க்குக் காத்திருப்பதை விட, மாரடைப்பு வந்தவருக்கு இது வேறு உலகம்.

பாராடாங் பக்கத்தில் இருக்கிறது. தெற்கே போகப் போகக் கணக்கு கடினமாகும். துருவ் ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 600 கி.மீ. போகும். போர்ட் பிளேரிலிருந்து கார் நிகோபார் நேர்கோட்டில் 275 கி.மீ. போல. போய்த் திரும்ப 550. அங்கே கடல்மேல் நின்று விஞ்ச் போட நேரமே மிஞ்சாது. கேம்ப்பெல் பே 500 கி.மீ.க்கு மேல். போய்ச் சேரலாம், எரிபொருள் போடாமல் திரும்ப முடியாது. அதனால்தான் கார் நிகோபார் விமானப்படைத் தளமும், 2012-ல் கேம்ப்பெல் பேயில் திறந்த ஐ.என்.எஸ். பாஸ் தளமும் வரைபடத்தில் முக்கியமான புள்ளிகள். 'சீனாவைக் கண்காணிக்க' என்று மட்டும் இந்தத் தளங்களைப் பற்றி டிவியில் பேசுகிறார்கள். அங்கே வாழ்பவருக்கு அது பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி.

தேடுவது வேறு, மீட்பது வேறு

'தேடுதல் மற்றும் மீட்பு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் இரண்டு வேலை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களுமாக நாள்கணக்கில் தேடினார்கள். கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், சென்னையைச் சேர்ந்த தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. ஏழரை வருஷம்.

பெரிய பரப்பைத் தேட நீண்ட தூரம் பறக்கும் டோர்னியர், பி-8ஐ மாதிரி விமானங்கள் வேண்டும். ஹெலிகாப்டர் கடைசி ஐம்பது மீட்டருக்கானது. இடம் தெரிந்தால்தான் அதற்கு வேலை. அதனால்தான் மீனவர் படகில் ஒரு அவசர சிக்னல் கருவி இருப்பது, கரையில் இன்னொரு ஹெலிகாப்டர் இருப்பதைவிட முக்கியமாகிவிடுகிறது. இஸ்ரோ உருவாக்கிய டி.ஏ.டி. கருவியின் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே இடம் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். கடல் தேடுதல் மீட்புக்கு நாட்டின் ஒருங்கிணைப்பு அமைப்பு கடலோரக் காவல்படைதான். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் மூன்று இடங்களில் அதன் பெரிய மையங்கள். பொறுப்பில் இருக்கும் கடல் பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கி.மீ., அதாவது இந்திய நிலப்பரப்பை விட ஒன்றரை மடங்கு.

2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவக் கிராமங்கள் கோபப்பட்டதும் இந்தக் கடைசி ஐம்பது மீட்டருக்காக இல்லை. 'எங்க ஆளுங்க எந்தத் திசையில, எவ்வளவு தூரத்துல மிதப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியும், எங்களையும் கூட்டிட்டுப் போங்க' என்பதுதான் அங்கே கேட்ட குரல். ஆழ்கடலுக்குப் போனவர்களைக் கரைக்குப் பக்கத்திலேயே தேடினார்கள் என்பது புகார். அதே புயலில் கடற்படை விமானி கேப்டன் பி. ராஜ்குமார், கொந்தளிக்கும் இரவுக் கடலில் மீனவரை மீட்டதற்காக சௌரிய சக்ரா பெற்றார் என்பதும் உண்மை. தனி மனிதர்களின் துணிச்சல் குறையவே இல்லை, குறை இருந்தது தகவலில்.

இன்னொரு கசப்பான கணக்கும் உண்டு. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே 'அக்வா மரைன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். ஏற்ற வேண்டியதைவிட அதிகமான ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அது நடந்தது கடற்படைத் தளத்துக்குக் கூப்பிடு தூரத்தில். மூழ்குபவருக்கு இருப்பது சில நிமிடங்கள். எந்த ஹெலிகாப்டரும் அதற்குள் வராது. லைஃப் ஜாக்கெட்தான் வரும்.

அப்புறம் 2025 ஜனவரி

இந்தப் பகுதி கொஞ்சம் கனமானது.

2024 செப்டம்பர் 2 இரவு, குஜராத் போர்பந்தர் கடலில் 'ஹரி லீலா' என்ற டேங்கர் கப்பலில் காயமடைந்த ஊழியரைத் தூக்கப் போன கடலோரக் காவல்படை துருவ் கடலில் விழுந்தது. நாலு பேரில் மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒரு விமானியின் உடல் கிடைக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நாலு மாதம் கழித்து, 2025 ஜனவரி 5, அதே போர்பந்தரில் பயிற்சியின்போது இன்னொரு துருவ் ஓடுபாதையில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு 2023 மார்ச்சில் மும்பை கடலில் ஒன்று அவசரமாக இறங்கியது, கொச்சியில் ஒன்று விழுந்தது.

ஜனவரி விபத்துக்குப் பிறகு முப்படையிலும் கடலோரக் காவல்படையிலும் இருந்த சுமார் 330 துருவ்களும் தரையில் நிறுத்தப்பட்டன. விசாரணையில் பேசப்பட்ட பாகம் ஸ்வாஷ்பிளேட். இது என்ன என்று தெரிந்தால் பயம் புரியும். விமானி கையில் இருக்கும் கம்பி சுழலாது. மேலே இருக்கும் இறக்கைகளோ நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழல்கின்றன. சுழலாத கையின் கட்டளையைச் சுழலும் இறக்கைக்குக் கடத்த வேண்டும். அதற்காக ஒன்றின் மேல் ஒன்று வைத்த இரண்டு தட்டுகள்: கீழ்த்தட்டு நிற்கும், மேல்தட்டு சுழலும், நடுவே பேரிங். கீழ்த்தட்டைச் சாய்த்தால் மேல்தட்டும் சாயும், ஒவ்வொரு இறக்கையின் கோணமும் மாறும். இது உடைந்தால், ஓடும் காரில் ஸ்டியரிங் கையோடு கழன்று வந்ததுக்குச் சமம். என்ஜின் எத்தனை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

2025 மே மாதம், பஹல்காம் தாக்குதலுக்குப் பிந்தைய பதற்றத்தில், தரைப்படை மற்றும் விமானப்படை துருவ்களுக்குப் பறக்க அனுமதி கிடைத்தது. கடற்படை, கடலோரக் காவல்படையின் துருவ்கள் அதற்குப் பிறகும் காத்திருந்தன. கடல் உப்பும், கப்பல் தளத்தில் இறங்கும் அதிர்ச்சியும் அவற்றுக்குக் கூடுதல் சுமை. இதன் விளைவைத் தீவிலிருந்து யோசியுங்கள். பழசை மாற்ற வந்த புதுசு தரையில் நின்றது. ஆகவே கடல் மீட்பில், அறுபதுகளின் சேத்தக்தான் மறுபடி பாரத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. கனமான வேலைக்கு விமானப்படையின் மி-17வி5 இருக்கிறது. ஆனால் அது பெரிய உடம்பு. பாராடாங் மாதிரி இடத்தில் அதை இறக்க நல்ல மைதானம் வேண்டும், அதன் கீழ்க்காற்றில் கூரைகள் பறக்கும்.

ஒரே ரகத்தை எல்லாப் படைகளுக்கும் வாங்கினால் உதிரிபாகம் மிச்சம், பயிற்சி மிச்சம் என்பது சரிதான். ஆனால் அந்த ஒரே ரகத்துக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோரும் ஒரே நாளில் படுக்க வேண்டும். தீவுகளுக்காவது வேறு ரகத்தில் ஒன்றிரண்டு மாற்று வைத்திருக்க வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை இல்லை என்று நினைக்கிறேன்.

பிரிட்டன் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தது. 2015-ல் ராணுவத்திடமிருந்து மீட்பு வேலையை எடுத்து, கடலோரக் காவல் அமைப்பின் கீழ் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் நேரம் எழுதியிருக்கும், தவறினால் கேள்வி கேட்கலாம். இங்கே அது அப்படியே பொருந்துமா? அந்தமானில் பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர்கள் தீவுகளுக்கு இடையே ஏற்கெனவே பயணிகளை ஏற்றிப் போகின்றன, நோயாளிகளையும் ஏற்றுகின்றன. ஆனால் நள்ளிரவில் மழையில் விஞ்ச் போடும் பயிற்சி படைகளிடம்தான் இருக்கிறது. அதை மாதாமாதம் பழகிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கை மறந்துவிடும்.

நீங்கள் அங்கே போனால்

பாராடாங்கோ ஹேவ்லாக்கோ, டூர் பிளானில் கடல் இருந்தால் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. மற்றதற்கு 112. பாராடாங்கில் போன் சிக்னலை நம்பாதீர்கள். கிளம்பும் முன் தங்கும் இடத்தில் எந்தப் படகு, எந்தக் கால்வாய், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். தேடுபவருக்கு அதுதான் முதல் டேட்டா. லைஃப் ஜாக்கெட்டைச் செல்ஃபிக்காகக் கழற்ற வேண்டாம். இதய நோய், நிறைமாதக் கர்ப்பம் இருப்பவர்கள் பாராடாங் டே-டிரிப்பை டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஒருவேளை தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தே விட்டால்: துண்டு, தொப்பி, பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடியுங்கள், காற்றில் பறந்து ரோட்டரில் சிக்கினால் எல்லோருக்கும் ஆபத்து. இரவில் டார்ச்சையோ போன் ஃபிளாஷையோ விமானியின் முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். இருட்டில் பார்க்கும் கண்ணாடி போட்டிருந்தால் அவர் கண் கூசிப் போகும். கீழே வரும் கொக்கியைப் பாய்ந்து பிடிக்கக் கூடாது. பறக்கும்போது ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும், கொக்கி முதலில் தண்ணீரையோ தரையையோ தொடட்டும். அந்தக் கம்பியைப் படகில் எதிலும் கட்டிவிடவே கூடாது, படகு இழுத்தால் ஹெலிகாப்டரும் கூட வரும். அக்குளுக்குக் கீழே பட்டை மாட்டியதும் கைகளை மேலே தூக்காதீர்கள், தூக்கினால் பட்டையிலிருந்து வழுக்கி விழுவீர்கள். கைகளைக் கீழே இறக்கி உடம்போடு ஒட்டி வையுங்கள். மேலே போனதும் நீங்களாக உள்ளே ஏற முயற்சி பண்ணாதீர்கள். முதுகைக் கதவுப் பக்கம் திருப்பி உங்களை உள்ளே இழுத்துக்கொள்வது விஞ்ச் ஆபரேட்டரின் வேலை, அவர் இழுக்கட்டும்.